பதினான்காம் பக்கத்து லகரம்

மார்ச் 3

அக்காவுக்கு,

இரண்டு வருடமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது எழுதுகிறானே, என்ன விசேஷம் என்று நினைப்பாய். விசேஷமெல்லாம் ஒன்றுமில்லை. வயிற்றெரிச்சல்தான்.

உங்கள் விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு இலவசமாக ஒரு கையேடு கொடுக்கிறீர்களே, 'இடையில் சில மணி நேரம்' என்று, பக்கத்தில் எதையெல்லாம் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்கிற கையேடு, அதன் புதுப் பதிப்பு என் கைக்கு வந்தது. 'தொகுப்பு: தகவல் மேசை' என்று பின்னட்டையில் போட்டிருக்கிறது. தகவல் மேசை என்றால் நீதான். வேறு யாரும் அங்கே எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட மாட்டார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

பதினான்காம் பக்கத்தை எடுத்துப் பார். படகுக் குளத்துக்கும் மெழுகுச் சிலைக் காட்சிக்கும் நடுவில் என் இடம் இருக்கிறது. ஓடுபாதை வேலிக்குப் பின்னால் பழைய சரக்குக் கிடங்கை வாடகைக்கு எடுத்து, போன வருடம் நான் திறந்த இடம். இருட்டறையில் உட்கார்ந்து காதால் கேட்கிற இடம். தகரக் கூரையில் விழுகிற மழை, உறைந்த ஆறு விரிசல் விடுகிற சத்தம், தூங்குகிற குழந்தையின் மூச்சு, இப்படி அறைக்கு ஒன்று. ஒலிக் கூடம். ஒலி என்றால் சத்தம். கையேட்டில் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? 'ஒளிக் கூடம்'. ஒளி! வெளிச்சம்!

ஒரு குடும்பம் குழந்தைகளுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி அழைத்து வந்தது. "கண்ணு ரொம்பக் கூசுமா?" என்று அந்த அம்மா கேட்கிறார். நேற்று ஒரு புது ஜோடி, கூடவே ஒரு புகைப்படக்காரர். "லைட்டிங் எந்த ரூம்ல நல்லா இருக்கும்?" என்றார். கதவைத் திறந்து காட்டினேன். உள்ளே கும்மிருட்டு. "என்னங்க, கரண்ட் போயிடுச்சா?" என்றார். இல்லைங்க, இது இப்படித்தான் இருக்கும் என்றேன். அந்தப் பெண் மாப்பிள்ளையைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவர்களுக்குள் அன்றைக்குச் சண்டை வந்திருந்தால் அதற்கும் நான்தான் பொறுப்பு.

கையேட்டில் பெயர் வருவதற்கு முன்னால் நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது ஆள் வருகிறார்கள், திட்டிவிட்டுப் போகிறார்கள். போகிறவர்கள் உங்கள் மேசையில் புகார் வேறு எழுதுகிறார்களாம். புகார் சேர்ந்தால் உங்கள் குழு அடுத்த பதிப்பில் என் பெயரை எடுத்துவிடும். எடுத்துவிட்டால் நான் கதவை இழுத்துச் சாத்த வேண்டியதுதான்.

நான் எழுதி அனுப்பிய குறிப்பில் சரியாகத்தான் எழுதியிருந்தேன். யார் கை வைத்தது என்று கண்டுபிடித்துத் திருத்தச் சொல்.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

தம்பி


மார்ச் 9

லகரத்துக்கு,

யார் கை வைத்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தாய். கண்டுபிடித்துவிட்டேன். நான்தான்.

உன் குறிப்பு என் மேசைக்கு வந்தது. 'ஒலிக் கூடம், இருட்டறையில் ஒரு புது அனுபவம்' என்று அதில் இருந்தது. இருட்டறை என்றதும் ஏதோ விளக்குக் காட்சி போலிருக்கிறது, வழக்கம்போல ளகரத்தை முழுங்கிவிட்டான் என்று திருத்தினேன். நீ என்ன கடை திறந்திருக்கிறாய் என்று என்னிடம் யார் சொன்னார்கள்? "உன் தம்பி ஏதோ கூடம் வெச்சிருக்கானாம்" என்று மாமா யாரோ சொல்லிக் கேட்டு வந்து சொன்னார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

என்னைக் குறை சொல்வதற்கு முன் உன் சரித்திரத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார். 'எனக்குக் காய்ச்சல், இன்று பல்லிக்கு வர இயலாது' என்று நீ எழுதிய விடுப்புக் கடிதத்தை ஆசிரியர் வகுப்பில் உரக்க வாசித்தார். அந்த வருடம் முழுக்க உன்னைப் பல்லி என்றுதான் கூப்பிட்டார்கள். அழுதுகொண்டு வந்து நின்றாய். உன்னை உட்கார வைத்து, நாக்கை மடி, மேலே தொடு, பள்ளி, பள்ளி என்று தொண்டை வறள நான் சொல்லிக் கொடுக்கவில்லையா? அன்றிலிருந்து உன் வீட்டுப்பாடம் ஒரு வரிகூட என் கைபடாமல் போனதில்லை. உன் கையெழுத்தைப் பார்த்தால் என் பேனா தானாகப் போய்த் திருத்துகிறது. அதற்கு நான் என்ன செய்ய?

போனில் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். நீதான் போனை எடுப்பதே இல்லையே. அடித்து அடித்து எனக்கு அலுத்துவிட்டது. மெசேஜ் அனுப்பலாம் என்றால் நீ ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து என் ரத்தத்தைக் கொதிக்க வைப்பாய். அதில் ஒலியும் ஒன்றுதான், ஒளியும் ஒன்றுதான்.

சொல்லவே கூடாது என்றிருந்தேன், பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன். நீ பார்த்த வேலை சும்மா வந்த வேலை இல்லை. விமானம் வந்து நிற்கும்போது கீழே நின்று இரண்டு கையிலும் விளக்குக் கட்டையைப் பிடித்து வழிகாட்டுகிற வேலைக்கு எத்தனை பேர் காத்துக்கிடந்தார்கள்? மேலாளர் அறை வாசலில் நான் போய் நின்று, பல்லைக் காட்டி வாங்கிக் கொடுத்தேன். ஆறு வருடம் பார்த்துவிட்டு ஒரு நாள் திடீரென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாய். காரணம் கேட்டால் "பிடிக்கல" என்றாய். பிடிக்கவில்லையாம்! எத்தனை சொன்னேன். எதைச் சொன்னாலும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிறவனுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்?

திருத்தத்துக்கு என்ன செய்யலாம் என்று பார்க்கிறேன். உனக்காக இல்லை. என் கையேட்டில் பிழை இருக்கக் கூடாது.

அக்கா


மார்ச் 14

வாத்தியாரம்மாவுக்கு,

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சரியாக எழுதினேன். அதையும் நீ திருத்திவிட்டாய்.

எனக்கு நாற்பது வயது ஆகப்போகிறது அக்கா. என் கடையின் பெயரை எனக்கு எழுதத் தெரியாது என்று நீ எப்படி நினைத்தாய்? ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். 'டேய், இது எந்த லி?' என்று ஒரு வரி. கேட்கத் தோன்றவில்லை, இல்லையா? தப்பாகத்தான் எழுதியிருப்பான் என்று முடிவே கட்டிவிட்டாய்.

வேலையைப் பற்றி எழுதியதற்குப் பதில் எழுத மாட்டேன். பிடிக்கவில்லை என்று சொன்னேன், அதோடு விடு.

இன்றைக்கு வந்த ஒருவர் டிக்கெட்டைக் கிழித்து என் மேசை மேலேயே போட்டுவிட்டுப் போனார். "பார்க்க ஒண்ணுமே இல்ல, இதுக்கு ஒரு கூடமா?" என்றார். பார்க்க ஒன்றும் இல்லைதான் ஐயா, கேட்கத்தான் இருக்கிறது என்று சொல்வதற்குள் தலைக்கு மேலே ஒரு விமானம் போனது. அது போய் முடிப்பதற்குள் அவரும் போய்விட்டார்.

சீக்கிரம் ஏதாவது செய்.

தம்பி


மார்ச் 22

லகரத்துக்கு,

மேலாளரிடம் சொல்லிவிட்டேன். சொல்வதற்கே ஒரு வாரம் ஆயிற்று. முதலில் அவர் கூட்டத்தில் இருந்தார், பிறகு விடுப்பில் இருந்தார், பிறகு இருக்கையில் இருந்தும் இல்லாதவர்போல் இருந்தார். கடைசியில் கையேட்டைப் பிரித்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். "ல, ள எல்லாம் யாரும்மா பார்க்கப் போறா?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நாற்பது பேர் எழுதிய புகாரைக் காட்டிய பிறகுதான் இறங்கி வந்தார்.

மறுபடி அச்சடிக்க முடியாதாம். மேலே ஒட்டுகிற மாதிரி ஒரு திருத்தச் சீட்டு அடித்துத் தருகிறார்களாம். நான் எழுதித் தருகிறேன் என்றேன். ஒரு சொல்தானே, அச்சகத்துக்குப் போனில் சொன்னால் போதும் என்று சொல்லிவிட்டார்.

இந்த மேசையில் உட்கார்ந்திருப்பதை நீ பெரிய பதவி என்று நினைத்துக்கொள்ளாதே. வருகிறவர்களில் பாதிப் பேர் கழிவறை எங்கே என்று கேட்கிறார்கள். மீதிப் பேர் பெட்டி வரவில்லை என்று என்னிடம் கத்துகிறார்கள், ஏதோ நான்தான் அவர்கள் பெட்டியை ஒளித்து வைத்திருப்பதுபோல. (ஒளித்து. ளகரம். பார்த்துக்கொள்.) சுற்றிப் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்பவர்கள் நாளைக்கு நாலு பேர் தேறினால் அதிசயம். அவர்களுக்காகத்தான் அந்தக் கையேட்டை ஒவ்வொரு வரியாக எழுதினேன். படகுக் குளத்துக்கு நானே போய்ப் படகில் ஏறி, நனைந்து வந்து எழுதினேன். மெழுகுச் சிலைகளுக்கு நடுவில் நின்று குறிப்பெடுத்தேன். உன் இடத்துக்கு மட்டும்தான் போகாமல் எழுதினேன்.

ஏன் போகவில்லை என்று கேட்காதே. நீ கூப்பிடவில்லை.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

திருத்தச் சீட்டு ஒட்டிய கையேடு வந்து சேர்ந்தது. உன் கண்ணுக்கு இன்னும் படவில்லை என்று நினைக்கிறேன். பட்டிருந்தால் அந்த அச்சகம் இந்நேரம் தீப்பற்றி எரிந்திருக்கும்.

'ஒழிக் கூடம்'.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ழகரம். அழகாக, தடித்த எழுத்தில், மஞ்சள் பின்னணியில். மூன்று எழுத்தில் ஒன்றை நான் எழுதினேன், ஒன்றை நீ போட்டாய், மிச்சமிருந்த ஒன்றை அச்சகக்காரர் போட்டுவிட்டார். இனித் தமிழில் போட வேறு எழுத்து இல்லை.

இரண்டு கல்லூரிப் பெண்கள் வந்து, "அண்ணா, இங்க எதை ஒழிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது பரவாயில்லை. நேற்று ஒரு பெரியவர் டாக்ஸியிலிருந்து ஒரு பழைய மின்விசிறியை இறக்கி வைத்தார். விமானத்தைப் பிடிக்கப் போகிற வழியில் ஓடாத சாமானையெல்லாம் இங்கே ஒழித்துக்கட்டிவிட்டுப் போகலாம் என்று வீட்டிலிருந்து தூக்கி வந்திருக்கிறார். டாக்ஸிக்காரர் கையேட்டைக் காட்டிச் சொன்னாராம். நான் விளக்கிச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "சரி தம்பி, இதை மட்டும் எங்கயாவது ஒழிச்சுடு" என்று வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த விசிறியைப் போட்டுப் பார்த்தேன். சுற்றுகிறது. சுற்றும்போது கடகடவென்று ஒரு சத்தம், நடுவில் ஒரு இழுப்பு, மறுபடி கடகட. பதிவு செய்து நாலாவது அறையில் வைத்துவிட்டேன். உங்கள் கையேட்டால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

சிரித்துவிட்டுப் படுத்தேன். படுத்த பிறகுதான் ஆத்திரம் வந்தது. ஒரு எழுத்து அக்கா. ஒரே ஒரு எழுத்தைச் சரியாகப் போட இந்த ஊரில் ஆள் இல்லையா?

தம்பி


ஏப்ரல் 11

தம்பிக்கு,

பார்த்தேன். பார்த்ததும் தலை சுற்றி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அச்சகத்துக்குப் போனில் சொன்னது யார் தெரியுமா? மேலாளர். "ள இல்லைங்க, அந்த இன்னொரு ல" என்று சொன்னாராம். எந்த இன்னொரு ல? சொல்ல வாயும் இல்லை, கேட்கக் காதும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து என் உயிரை எடுக்கிறார்கள்.

கையிருப்பில் இருக்கிற கையேடுகளை எல்லாம் மேசைக்கு வரவழைத்துவிட்டேன். வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அந்தச் சீட்டைக் கிழித்து, ளகரத்தை அடித்து, மேலே என் கையால் லகரம் எழுதுகிறேன். விரல் வீங்கிவிட்டது. "ஏம்மா, இம்போசிஷனா?" என்று துப்புரவு செய்கிற அக்கா கேட்டார். ஆமாம் என்றேன்.

இப்போது கேட்டுக்கொள், இதுதான் முக்கியம். இந்த மாதக் கடைசியில் கையேட்டுக் குழு கூடுகிறது. அடுத்த பதிப்பில் எதை வைப்பது, எதை எடுப்பது என்று அன்றைக்கு முடிவாகும். உன் பெயருக்கு எதிரே புகார் குவிந்து கிடக்கிறது. எழுத்துப் பிழையால் வந்த புகார் என்று யாருக்கும் அக்கறை இல்லை, எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள். குழுவில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. நான் பேசலாம். ஆனால் பார்க்காத இடத்தைப் பற்றி நான் என்னவென்று பேசுவேன்? "நீங்க போய்ப் பார்த்தீங்களா?" என்று ஒருவர் கேட்டால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்?

நீ இதுவரை வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

வா.

டிக்கெட் வாங்க வேண்டாம். வாங்காமல் உள்ளே வர உனக்கு மனம் வராது என்று தெரியும், அதனால் வாங்கியே வா. எந்த நாள் என்று சொல்ல வேண்டாம், மற்றவர்களைப் போலவே வா. முதல் அறையில் மழை. அங்கே நிறைய நேரம் உட்காராதே, தூங்கிவிடுவாய், எல்லோரும் தூங்கிவிடுகிறார்கள். இரண்டாவதில் ஆறு. மூன்றாவதில் ஒன்றும் இல்லை, கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும், உன்னால் முடிகிறதா பார்ப்போம். சுவர் முழுக்கப் பழைய மெத்தையும் முட்டை அட்டையும் அடித்திருக்கிறேன். அப்படியும் விமானம் போனால் உள்ளே கேட்கும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. விமானத்துக்குப் பக்கத்தில் சத்தத்துக்குக் கடை வைத்தவன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள். வாடகை குறைவு.

கடைசி அறையில் மனிதக் குரல்கள். யாரென்று தெரியாதவர்கள் பேசுவது, கூப்பிடுவது, முனகுவது. அங்கே ஒரு மேடை காலியாக இருக்கிறது. என்ன வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

நீ வந்து கேட்டால் குழுவில் பேசுவாய். எனக்குத் தெரியும்.

தம்பி


ஏப்ரல் 29

இதுதான் நான் உனக்கு எழுதுகிற கடைசிக் கடிதம்.

வந்தேன். ஞாயிற்றுக்கிழமை அரை நாள் விடுப்பு போட்டு, மாமாவிடம்கூடச் சொல்லாமல், ஓடுபாதையைச் சுற்றிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தேன். வாசலில் வரிசை நின்றது. பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நீ மேசையில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். இளைத்துவிட்டாய். வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாமல் பக்கவாட்டில் வந்து, கைக்கெட்டுகிற தூரத்தில் நின்று, "தம்பி" என்று கூப்பிட்டேன்.

நீ திரும்பவில்லை.

மறுபடி கூப்பிட்டேன். "டேய் லகரம், நான்தான்டா" என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து, அடுத்த ஆளுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தாய். ஒரு அம்மா என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை. வந்த வழியே திரும்பிவிட்டேன்.

வா என்று எழுதிக் கூப்பிட்டு, வந்தவளை நாலு பேர் எதிரில் அவமானப்படுத்தி அனுப்பத்தான் இத்தனையும் செய்தாயா? உனக்கு என்ன துரோகம் செய்தேன் நான்? வேலை வாங்கிக் கொடுத்ததா? ளகரம் போட்டதா?

நேற்றுக் குழு கூடியது. உன் பெயர் வந்தது. மேலாளர் புகார்களை வாசித்தார். "நீங்க ஏதாவது சொல்றீங்களா?" என்று என்னைக் கேட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை. எடுத்துவிட்டார்கள்.

இனி எழுதாதே.


மே 2

அக்கா,

எந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாய்?

தம்பி


மே 5

இது என்ன கேள்வி? எந்தப் பக்கமாக இருந்தால் என்ன? இடது பக்கம். சுவரில் அந்தப் பழைய விசிறி மாட்டியிருக்கிறதே, அதன் அடியில் நின்றேன். விசிறிகூட ஓடவில்லை, சத்தத்தில் கேட்கவில்லை என்று கதை விடாதே.

ஏன் கேட்கிறாய்?

கையேட்டிலிருந்து பெயரை எடுத்தார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்தப் பக்கம் என்று கேட்கிறாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உடனே எழுது.

அக்கா


மே 8

அக்கா,

இடது பக்கம் என்றால் எனக்குக் கேட்டிருக்காது. அந்தக் காது இல்லை. போய் மூன்று வருடம் ஆகிறது.

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

வேலையில் கொடுத்த காதுமூடி இடது பக்கம் உடைந்திருந்தது. சேர்ந்து கொஞ்ச நாளில் உடைந்தது. புதிது கேட்கலாம்தான். வந்ததும் வராததுமாக நொட்டை சொல்கிறான், தகவல் மேசை அம்மா சிபாரிசில் வந்தவன் பாரு என்று பேசுவார்கள், உன் பேர் கெடும் என்று அப்படியே மாட்டிக்கொண்டு நின்றேன். அப்புறம் கேட்க வெட்கமாகிவிட்டது. அதற்கப்புறம் பழகிவிட்டது. பழகியதென்றால், சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. அட, காது பழகிவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். உன் தம்பியின் புத்திசாலித்தனத்தைப் பார்.

காது டாக்டர் சொன்ன பிறகுதான் வேலையை விட்டேன். உன்னிடம் எப்படிச் சொல்வது? நீ போய் நின்று பல்லைக் காட்டி வாங்கிக் கொடுத்த வேலை. அதில்தான் போயிற்று என்று தெரிந்தால் உனக்குச் சோறு இறங்குமா? பிடிக்கவில்லை என்று சொன்னால் என்னைத் திட்டுவாய், அவ்வளவுதான். திட்டு எனக்குப் புதிதா என்ன?

போனை எடுக்காதது கோபத்தில் இல்லை. போனில் எல்லாம் கொழகொழவென்று கேட்கிறது. நீ ஒன்று கேட்க நான் ஒன்று சொன்னால் கண்டுபிடித்துவிடுவாய். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிறவன் என்று எழுதியிருந்தாய். விடுவதற்கு அந்தக் காது ஏது அக்கா? வாங்கியதெல்லாம் உள்ளேயேதான் கிடக்கிறது.

வலது காதும் தேய்ந்துகொண்டு வருகிறது. எவ்வளவு நாள் என்று டாக்டருக்கே தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடை. போவதற்குள் ஒரு தடவை எல்லாவற்றையும் நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று சேர்க்க ஆரம்பித்தேன். சேர்த்ததைத் தனியாகக் கேட்க முடியவில்லை, ஒரு மாதிரி இருந்தது. நாலு பேர் வந்து கூட உட்கார்ந்து கேட்டால் பரவாயில்லை போலிருந்தது. அவர்கள் சொல்வார்கள், அண்ணா, அந்த மழையில் நடுவில் ஒரு தவளை கத்துது பார்த்தீங்களா என்று. எனக்கு இப்போது அந்தத் தவளை கேட்பதில்லை. முன்பு கேட்டது.

இன்னொன்று சொல்கிறேன், சிரிப்பாய். இப்போதெல்லாம் யார் பேசினாலும் எனக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றாகத்தான் கேட்கிறது. உன் உழைப்பெல்லாம் வீணாகிவிட்டது.

கையேட்டை விடு. நீ வாயைத் திறக்காததில் உன் தப்பு ஒன்றுமில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் எடுத்துவிடுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். வந்தவளைப் பார்க்காமல் விட்டுவிட்டேனே என்பதுதான் தாங்கவில்லை. கைக்கெட்டுகிற தூரம் என்று எழுதியிருக்கிறாய். தோளைத் தொட்டிருக்கலாமே அக்கா.

தம்பி


மே 11

டேய்,

உட்கார்ந்து படி என்று எழுதினாய். மேசையில் உட்கார்ந்துதான் படித்தேன். பெட்டி வரவில்லை என்று கத்திக்கொண்டிருந்தவரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தகவல் மேசையில் ஆளைக் காணோம் என்று மேலாளர் தேடியிருக்கிறார்.

எனக்கு உன்மேல் வருகிற கோபத்துக்கு நீ இப்போது எதிரில் இருந்தால் அறைந்திருப்பேன். என் பேர் கெடுமாம். என் பேரைத் தூக்கிக் குப்பையில் போடு! ஒரு காதுமூடி கேட்க வெட்கமா? என்னிடம் சொல்லியிருந்தால் நான் போய்க் கேட்டிருக்க மாட்டேனா? வேலைக்காகப் பல்லைக் காட்டியவள் காதுமூடிக்காகக் காட்ட மாட்டேனா? ஆறு வருடம் உடைந்ததை மாட்டிக்கொண்டு என் எதிரிலேயே போய் வந்திருக்கிறாய். நானும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஊர்ப்பட்ட எழுத்துப் பிழையெல்லாம் என் கண்ணில் பட்டது, அது படவில்லை.

தோளைத் தொட்டிருக்கலாமே என்று எழுதியிருக்கிறாய். தொட்டிருக்கலாம். கை நீட்டப் போனேன், ரோஷம் வந்து எடுத்துக்கொண்டேன். அதை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

மேலாளர் அறைக்குப் போனேன். குழு மறுபடி கூட வேண்டும், நான் பேச வேண்டும் என்றேன். "அச்சுக்குப் போயாச்சும்மா, இனி அடுத்த வருஷம்தான்" என்றார். அடுத்த வருடம் வரை யார் காத்திருப்பார்கள்? ஒரு அட்டையை எடுத்து, 'அருகில் பார்க்க' என்று தொடங்கி, பார்க்க என்பதை அடித்து, 'அருகில் கேட்க: ஒலிக் கூடம்' என்று என் கையால் எழுதி மேசை மேல் நிறுத்திவிட்டேன். "இதெல்லாம் அனுமதி இல்லாம வைக்கக் கூடாது, எடுங்க" என்றார். எடுக்க மாட்டேன் என்றேன். இருபது வருடத்தில் அவரிடம் முடியாது என்று நான் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு போய்விட்டார். கழிவறை எங்கே என்று கேட்கிறவர்களுக்கும் இப்போது கழிவறையைக் காட்டிவிட்டு உன் இடத்தைச் சொல்கிறேன். சத்தம் கேட்கிற இடம், வெளிச்சம் இல்லை, எதையும் ஒழிப்பதில்லை என்று தெளிவாகச் சொல்லி அனுப்புகிறேன். இன்று ஏழு பேர் சரியென்று போனார்கள். வந்தார்களா?

ல, ள, ழ மூன்றும் ஒன்றாகக் கேட்கிறது என்று எழுதியிருக்கிறாய். என் உழைப்பு வீண் என்று எழுத உனக்குக் கை வந்ததா? வீணாக நான் விட மாட்டேன். அந்தக் கடைசி அறையில் ஒரு மேடை காலியாக இருக்கிறது என்றாயே, அதில் வேறு எதையும் வைக்காதே.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். இந்தத் தடவை வரிசையில் நின்று, டிக்கெட் வாங்கி, உன் வலது பக்கம் வந்து நிற்பேன். பதிவு செய்கிற சாமானைத் தயாராக வை. மெதுவாக எல்லாம் பேச மாட்டேன், எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஒலி, ஒளி, ஒழி. பல்லி, பள்ளி. எத்தனை விமானம் வேண்டுமானாலும் தலைக்கு மேலே போகட்டும், உனக்குக் கேட்கிறவரை கத்துவேன்.

அக்கா